உப்பு லொறியின் பெரிய டயர்கள்

உங்கள் மூத்த வாப்பா, அதாவது என் வாப்பா, கோபக்காரர் அல்லர். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு குச்சி இருந்தது. பின்னேரம் எங்கள் லொறி ஊருக்கு, தில்லையடிக்குத் திரும்பியதும் முதலில் ஓடிய தூரத்தை மீட்டரில் பார்ப்பார். பிறகு அந்தக் குச்சியை டீசல் டாங்கிக்குள் விட்டு எடுப்பார். குச்சியில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. இவ்வளவு தூரம் ஓடினால் இந்தக் கோடு வரைக்கும் டீசல் இறங்கலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்குப் பிழைத்த கதையைத்தான், பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

லொறியை ஓட்டியவர் மாமா, என் உம்மாவின் தம்பி. பாலாவி உப்பளத்தில் உப்பு மூட்டை ஏற்றிக் குருநாகல் பக்கம் கொண்டுபோய் இறக்குவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். எங்களுக்குள் ஒரு விளையாட்டு. வீதியோரத்துக் கிலோமீட்டர்க் கற்களை நான் எண்ணுவேன், மாமா மீட்டரைப் பார்த்து எண்ணுவார். யாருக்கு முதலில் இருபது வருகிறதோ அவர் வென்றவர். எப்போதும் சமனாகத்தான் வரும். அதற்கே இருவரும் சிரிப்போம்.

யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலிருந்து பழைய இரும்பும் பழைய டயர்களும் லொறி லொறியாக வரத் தொடங்கின. அவற்றில் வாப்பா எங்கள் லொறிக்கு உரிய அளவைவிடப் பெரிய டயர்களாகப் பார்த்து வாங்கி வந்தார். மழை பெய்தால் உப்பளத்துச் சேற்றில் லொறி புதைந்துபோகும், அந்த அலுப்பு அவருக்கு. அந்தப் பெரிய டயர்களில் லொறி யானை மாதிரி எழும்பி நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாளும் புதையவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் வாப்பா அதைக் காட்டினார்.

மாமாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"மச்சான், லொறிக்கு இழுவை இல்ல. மூணாம் கியர்ல ஏறின மேடெல்லாம் இப்ப ரெண்டாம் கியர்ல அழுது அழுது ஏறுது. பிரேக்கும் பிந்தித்தான் புடிக்குது."

"உனக்குத் தேஞ்ச செருப்புத்தான் வசதி" என்று வாப்பா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பின்னேரம் குச்சி நனையும் வரைக்கும்தான். டீசல் கோட்டுக்குக் கீழே நின்றது. மறுநாளும் அப்படி. அடுத்த கிழமையும் அப்படி.

"மீட்டர்ல ஓட்டம் குறைவு, டீசல் கூடப் போயிருக்கு. மிச்சத்த யாரு குடிச்ச, மச்சான்?"

"லொறி குடிச்சிட்டு."

"வாய் இல்லாததுட தலையில போடாத."

எங்கள் பக்கத்தில் களவுச் சந்தேகம் வந்தால் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா அதைக் கேட்டார். உம்மா அடுப்படி வாசலில், கையில் ஒட்டிய மாவோடு நின்றார்.

"டீசலுக்காகக் குர்ஆன்ல கை வைக்க எனக்கு ஏலா, மச்சான்" என்றார் மாமா.

அவ்வளவு மரியாதை அவருக்கு வேதத்தின் மீது. வாப்பாவோ, கள்ளன்தான் சத்தியத்துக்குப் பின்வாங்குவான் என்று முடிவெடுத்துவிட்டார்.

அடுத்த முறை நான் போனபோது ஒரு மேட்டின் உச்சியில் மாமா எஞ்சினை நிறுத்தினார். உப்புப் பாரத்தோடு லொறி தானாக உருண்டு இறங்கியது. டயரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எஞ்சின் நிண்டுட்டா, மாமா?"

"கொஞ்சம் ஓய்வு குடுக்கிறன், மகன். உங்கட வாப்பாட கோட்டுல போய் நிக்கோணும்."

அன்று டீசல் சரியாகக் கோட்டில் நின்றது. மாமா குச்சியைப் பார்த்து மூச்சு விட்டார். வாப்பா உம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பாத்தியா? சத்தியம் எண்டதும் களவு நிண்டுட்டு."

மாமா வாசல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். எஞ்சினை ஓட விட்டால் அவர் கள்ளன். நிறுத்தி உருட்டினால் திருந்திய கள்ளன். அவர் திருந்திய கள்ளனாகவே ஓடினார். ஒவ்வொரு இறக்கத்திலும் எஞ்சினை நிறுத்தினார்.

எஞ்சின் நின்றால் பிரேக்கின் பலமும் போய்விடும். பெரிய டயரை நிறுத்துவதற்கோ கூடிய பலம் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு நாள், இறக்கத்து வளைவொன்றில் லொறி திரும்பாமல் மரத்தில் போய் மோதியது. மாமாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் உடுத்திருந்த சாரமெல்லாம் உப்பு.

சில நாட்களில் லொறியை இழுத்து வந்து முற்றத்தில் விட்டார்கள். வாப்பா பழக்கத்தில் மீட்டரைப் பார்த்துவிட்டுக் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்தார். உம்மா பின்னால் வந்து நின்றதை அவர் காணவில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு உம்மா உள்ளே போனார்.

வாப்பா குச்சி காயும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

வளர்ந்து நானே லொறி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மீட்டருக்குத் தூரம் தெரியாது. சில்லு எத்தனை தரம் சுற்றியது என்பதுதான் தெரியும். பெரிய டயர் ஒரு சுற்றிலேயே கூடிய தூரம் போய்விடும். அதனால் சுற்றும் குறையும், மீட்டரில் ஓட்டமும் குறையும். அந்தப் பாரமான டயரை உருட்ட டீசலோ கூடச் செலவாகும். அந்த இரண்டும் சேர்ந்துதான் மாமாவைக் கள்ளனாக்கின.

லொறியை இழுத்து வருவதற்கு முன், மாமாவின் மையத்தை அடக்கிய அன்று, வாப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, மாமா லொறியில் என்னோடு என்ன கதைப்பார் என்று கேட்டார்.

"கல்லு விளையாட்டுத்தான், வாப்பா. பெரிய டயர் போட்ட பிறகு ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் முதல்ல இருபது வந்த. மாமாட மீட்டர் பிந்திப் போயிடும்."

நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாப்பா என் தலையைத் தடவிவிட்டு எழும்பிப் போனார்.