பகலவனின் பூவரசங்கவை

திருத்துறைப்பூண்டியில் மன்னார்குடி சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பகலவனுக்கு இரும்பு வேலை தண்ணி பட்ட பாடு. அறுப்பு மெஷினின் ஷாஃப்ட் முறிந்து, சேற்றுக் காலோடு யாராவது ஓடிவந்தால், அதைக் கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பிப் பார்ப்பார். "மத்தியானம் வாங்க" என்பார். மத்தியானம் வேலை முடிந்திருக்கும். தனக்கு மூளை கையில்தான் இருக்கிறது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கையைக் கழுவிவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது என்று சொல்லிச் சிரிப்பதும் அவர்தான்.

சும்மா சொல்லவில்லை. பட்டறையை விட்டு இறங்கினால் மனிதர் வேறு ஆள். ஃபிரிட்ஜ் வாங்குவது என்று முடிவெடுத்து, எந்த ஃபிரிட்ஜ் என்று முடிவெடுப்பதற்குள் இரண்டு கோடை போய்விட்டது. மகளுக்குப் பெயர் தேடித் தேடி, கடைசியில் வைப்பதற்குள் அது தவழ ஆரம்பித்துவிட்டது. அதுவரை பாப்பா என்று கூப்பிட்ட பழக்கம், அவள் ஓசூரில் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. அந்தப் பெயரை எதற்கு அவ்வளவு மெனக்கெட்டுத் தேடினோம் என்று பகலவனே சில நாள் தலையைச் சொறிவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அவர் மனைவி சுடர்விழி ஒரு கட்டையைக் கொடுத்து, "இத வெச்சு ஏதாவது செஞ்சு குடுங்க" என்று கேட்டார்.

சாதாரணக் கட்டை இல்லை அது. சுடர்விழியின் தாய்வீடு முள்ளியாற்றங்கரையில் இருந்தது. ஒரே அறை, வீடு நிறைய ஆள். வாசலில் நின்ற பூவரசு, இடுப்பு உயரத்துக்கு மேலே இரண்டு கிளையாகப் பிரியும். அந்தக் கவையில் ஏறி உட்கார்ந்து, முதுகை ஒரு கிளையில் சாய்த்து, காலை இன்னொன்றில் உதைத்துக்கொண்டுதான் சுடர்விழி பத்தாவதும் படித்தார், ப்ளஸ் டூவும் படித்தார். கல்லூரி லீவில் வந்தால் அங்கேதான். அந்தக் குடும்பத்தில் நடவுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போன முதல் பெண் அவர். கஜா புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. விறகுக்குத் துண்டு போட வந்தவர்களிடம் கவையை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லி, அதை டாடா ஏஸில் ஏற்றி, பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டறையிலிருந்து அவர் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

பகலவனுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே பயமும் வந்தது. ஷாஃப்ட் கெட்டுப்போனால் கடையில் இன்னொரு கம்பி வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கவை உலகத்திலேயே ஒன்றுதான். தப்பாகக் கத்தி வைத்தால் பெண்டாட்டியின் படிப்பையே கடைந்து தள்ளியது மாதிரி ஆகிவிடும்.

மரவாடி வைத்திருக்கும் சுஹைப் வந்து பார்த்து, இருக்கிற பயத்தை இன்னும் கிளப்பிவிட்டார். இரண்டு கிளையும் சேரும் இடத்தில் மரத்தின் ரேகை பின்னிக்கிடக்கும் என்றார். நடுவே சரியாக நெடுக்கப் பிளந்தால் உள்ளே மயில்தோகை விரித்த மாதிரி தெரியுமாம். கொஞ்சம் தள்ளிப் பிளந்தால் ஒன்றுமே தெரியாதாம். தோகை நடுவில்தான் பளிச்சென்று இருக்கும், வெளியே போகப் போக மங்கிவிடும் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். தூக்கம் போனது பகலவனுக்கு.

பிளந்து, அந்தப் பாதியில் கிண்ணம் கடையலாம். ஆனால் கிண்ணத்தின் வாய் தோகைப் பக்கம் இருந்தால், குடையும்போது தோகை முழுக்கச் சுருளாகிக் கீழே கொட்டிவிடும். அடிப்பாகம் தோகைப் பக்கம் இருந்தால், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால்தான் தோகை தெரியும். பிளக்காமல் முழுசாக நிறுத்திக் கடைந்தால் நல்ல குடுவை வரும், தோகை வராது. பகலவன் சாக்பீஸால் கோடு போட்டார், அழித்தார், எதிர்ப்பக்கம் போட்டார். பட்டறைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பம்புசெட் வேலைக்கு வந்த பஞ்சநதம், சாமி படத்துக்கு மண்டபம் பண்ணலாம் என்றார். சாமியே இல்லை என்ற கட்சிக்கார அப்பா வைத்த பெயரைச் சுமந்துகொண்டு அதை எப்படிப் பண்ணுவது என்று பகலவன் அதற்கும் ஒரு வாரம் யோசித்தார். பாப்பா ஓசூரிலிருந்து வீடியோவாக அனுப்பினாள். ஒவ்வொரு வீடியோவும் முன்னால் பார்த்ததைத் தப்பு என்றது.

போகிக்குப் போகி கட்டை வெளியே வரும். சுடர்விழி அதைத் துடைப்பார். பகலவன் சுற்றிவந்து பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார். மறுபடி கம்ப்ரஸருக்கு அடியில் போய்விடும். அது காய்ந்து எலும்பாகிப் பல காலம் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். காயவேண்டியது தன் மண்டைக்குள் இருக்கிற களிமண்தான் என்று சுஹைபிடம் ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

போன மார்கழியில் சுடர்விழிக்குப் பொறுமை போய்விட்டது. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பகலவனைக் கலக்கியது. "இந்தப் போகிக்கு அது ஏதாவது ஒண்ணா ஆயிருக்கணுங்க. இல்லன்னா நானே எடுத்துக் கொளுத்திடுறேன். பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்கு" என்றார்.

மறுநாளே கட்டை மரவாடிக்குப் போனது. சுஹைப் பார்த்துப் பார்த்து ரம்பத்தில் ஏற்றினார். இரண்டு பாதியும் விரிந்து விழுந்தபோது பகலவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வைரம் பாய்ந்து சிவந்த கட்டையின் நடுவே, அடியிலிருந்து மேல்வரைக்கும் தோகை, ஒரு ரேகை குறையாமல் இருந்தது. இதை ஒளித்து வைப்பது பாவம் என்று அங்கேயே முடிவெடுத்தார். தட்டையாகப் பெரிய தட்டு கடைந்து, வீட்டு ஹாலில் வாசலுக்கு நேரே சுவரில் மாட்டுவது. வருகிறவன் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படவேண்டும். தன் வாழ்க்கையிலேயே வேகமாக எடுத்த முடிவு என்று அவருக்குத் தலை கால் புரியவில்லை.

முதல் பாதியை லேத்தில் சுழலும் முகத்தட்டில் வைத்து முடுக்கி ஓட்டினார். பம்பு ஷாஃப்டுக்காகக் காத்திருந்த பஞ்சநதத்தையும் பக்கத்தில் நிற்கவைத்து, பாருங்கள் பாருங்கள் என்று காட்டினார். தோகை சுழன்றது, சுருள் பறந்தது, தட்டு தட்டாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் மெலிதாக இருந்தால் அழகு என்று பேராசைப்பட்டு உளியை மறுபடி வைத்தார். இரண்டு கிளையும் நெருங்கி வளர்ந்தபோது நடுவில் பட்டை மாட்டிக்கொண்டு மரத்துக்குள்ளேயே போய், அந்த இடம் ஒட்டாமல் இருந்ததை அவர் பார்க்கவில்லை. படீரென்று ஒரு சத்தம். ஒரு துண்டு தகரக் கூரையில் மோதியது, இன்னொன்று பஞ்சநதத்தின் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. பஞ்சநதம் வேட்டியை உதறிக்கொண்டு, தன் ஷாஃப்ட் இரும்புதானே என்று மட்டும் கேட்டுவைத்தார்.

அன்று பகலவன் வீட்டுக்கு நடந்தே போனார், வண்டியைப் பட்டறையில் மறந்துவிட்டார். சுடர்விழி வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஹாலில் நாற்காலி உண்டுதான். அதில் எப்போதும் துணி இருக்கும், இல்லாவிட்டால் விருந்தாளி இருப்பார். பகலவன் உடைந்த துண்டை எதிரே வைத்தார். வரும் வழியில் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோய், உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியது. இந்த வயதில் ஒரு கட்டைக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சுடர்விழி துண்டைத் தடவிப் பார்த்தார். "என்ன செஞ்சீங்க இத?"

"தட்டு. செவுத்துல மாட்டுறதுக்கு. வர்றவங்க எல்லாரும் பாக்கணும்னு."

சுடர்விழி பேனாவை மூடினார். "அந்த மரத்த நான் ஒருநாளும் பாத்துக்கிட்டு நின்னதில்லைங்க. அது மேல உக்காந்திருந்தேன். அந்த வீட்டுல எனக்குன்னு இருந்த எடம் அது ஒண்ணுதான்."

பகலவன் அந்தத் துண்டைத் திரும்பக் கையில் எடுத்தார். "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா? ஊர்ல எல்லாரையும் கேட்டீங்க."

பகலவனுக்கு மூக்கு உடைந்தது, வலிக்கவில்லை, ஏனென்றால் அது சத்தியம். சாமி மண்டபம் வரைக்கும் யோசனை கேட்டு வாங்கிய மனிதர், பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி ஒரு முட்டாளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிறகு, இன்னொரு பாதி இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டார்.

உட்கார ஒரு முக்காலி போதும் என்றார் சுடர்விழி.

இந்தத் தடவை பகலவன் கோடே போடவில்லை. பட்டை புகுந்த மேல்பகுதியைச் சுஹைபின் ரம்பத்தில் அறுத்துத் தள்ளினார். மீதியை, லேத்தை மெதுவாக ஓட்டி, வட்டமாக, கனமாக, தோகை மேல்பக்கம் வர, நடுவில் லேசாகக் குழிந்த மாதிரி கடைந்தார். கால் மூன்றும் இரும்பு. அதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. போகிக்கு முந்தின நாள் முக்காலி வீட்டுக்குப் போனது. சுடர்விழி அதைக் கொல்லைப்பக்க ஜன்னலுக்குக் கீழே போட்டார். அதன் மேல் துணி போட்டால் போகியில் துணியும் சேர்ந்து எரியும் என்று வீட்டுக்கு அறிவிப்பும் கொடுத்தார்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் சுஹைபும் பஞ்சநதமும் வீட்டுக்கு வந்தார்கள். அவ்வளவு காலம் பேசிய தோகையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் சுஹைப். பகலவன் உள்ளே போனார். சுடர்விழி முக்காலியில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, காலை ஜன்னல் கட்டையில் உதைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். இவர் வந்ததையே கவனிக்கவில்லை. பகலவன் ஆறு வருஷம் கண்ணுறங்காமல் காப்பாற்றிய தோகை, ஒரு ரேகைகூட வெளியே தெரியாமல் அவர் மனைவியின் சேலைக்கு அடியில் இருந்தது.

பகலவன் சத்தம் போடாமல் திரும்பி வந்தார்.

"டீச்சர் உக்காந்திருக்காங்க. இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார்.

எழுந்திருக்கச் சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசிக்கவே இல்லை.