தரை தட்டுப்படாத கால்

பேகம்பூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் பாஸிலா. போன வருடம் நோன்பு முடிந்த மாதத்தில் ஒருநாள், வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த அம்பிகாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி சாய்ந்தது. பாஸிலா காலை ஊன்றினாள்; தரை தட்டுப்படவில்லை. இருவரும் சரிந்தார்கள். அடி பெரிதில்லை. ஆனால் பாஸிலாவின் வலது கால் பஞ்சு சுற்றியதுபோல மரத்துக் கிடந்தது. முன்பொரு முறை ஒரு கண் சில வாரம் மங்கித் தானாகத் தெளிந்ததையும் அன்றுதான் கணவன் அஸ்பாக்கிடம் சொன்னாள்.

தோல் மண்டியில் வேலை பார்க்கும் அஸ்பாக் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் பார்த்த நரம்பு மருத்துவர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். உடம்பின் காவல் செல்களே நரம்பின் மேலுறையைத் தாக்குகின்றன, அப்போது உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகள் துருவைப்போல நரம்பை அரிக்கின்றன, ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை அடக்கும், ஆனால் நோயை வேரோடு எடுக்காது என்று பொறுமையாக விளக்கினார். சிகிச்சையால் அந்த அரிப்பு எவ்வளவு குறைகிறது என்று அங்கே ஓர் ஆய்வும் நடந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் ரத்தம் தர பாஸிலா சம்மதித்தாள்.

"என் ரத்தத்துல அம்புட்டுத் துருவா இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

ஒருவர் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, நிறையப் பேர் தரவேண்டும் என்று அவர் சிரித்தார்.

தினமும் காலையில் ஸ்டீராய்டை டிரிப்பாக ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்புச் சுவை, பசியோ அடங்கவில்லை. அஸ்பாக் எதை வாங்கிவந்தாலும் எலுமிச்சை பிழிந்து கொடுத்தான். பால் டீயிலும் பிழியப்போனபோதுதான் அவள் தடுத்தாள்.

வீடு திரும்பியபின், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டிய ஸ்டீராய்டு மாத்திரைகள் இருந்தன. கால் தேறியது, ஆனால் மருந்தால் முகம் ஊதிக் கண்கள் சிறுத்தன. அவள் தங்கை நஸீராவின் நிக்காஹ் நெருங்கியது. இந்த முகத்தோடு வரமாட்டேன் என்றாள் பாஸிலா, மாத்திரையை நிறுத்தப்போவதாகவும் சொன்னாள். அஸ்பாக் ஏற்கெனவே மாதுளையும் நெல்லிக்காயுமாக வாங்கிக் குவித்து, இதுவே போதாதா என்று மருத்துவரிடம் போனில் கேட்டிருந்தான். பழம் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அஸ்பாக் அவள் காலருகே உட்கார்ந்து, உள்ளங்காலில் விரலால் மெல்லக் கோடு இழுத்தான்.

"தெரியுதா?"

"தெரியுது."

"போன மாசம் தெரியல. முகம் தன்னால வத்திரும். செத்தப் பொறு பாஸிலா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.

நிக்காஹ்வுக்குப் போனார்கள். நல்லா சதை போட்டுட்டியே என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னபோது, எல்லாம் தன் சமையல்தான் என்றான் அஸ்பாக். பாஸிலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முகம் மெல்லப் பழையபடியானது. நோய் திரும்பத் தாக்காமலிருக்க இப்போது வேறு மருந்து எடுத்துக்கொள்கிறாள். இரண்டு கால்விரல்களில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. வெயில் ஏறினால் கால் தளர்ந்துவிடும் என்பதால் விடிகாலையில் மட்டும் வகுப்பு எடுக்கிறாள். பரிசோதனைக்கு மதுரை போகும் நாளில் அஸ்பாக் மண்டிக்கு லீவு சொல்லிவிடுவான். பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து, வாடிப்பட்டி வருமுன்னே அவள் தோளில் தூங்கிப்போவான்.