சிவப்புக் கம்பியும் சுவாமியறை பல்பும்

மருமகனை மட்டம் தட்டுவது என் அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் அதில் பங்கிருந்தது. சண்டிலிப்பாயில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் மூவரும் இருந்தோம். வீடு என் பெயரில், அதிகாரம் அப்பாவிடம். என் கணவர் யாழ்ப்பாணத்துக் கந்தோரொன்றில் கிளாக்கர். அவர் வீட்டில் எதைத் தொட்டாலும் அப்பா ஒருமுறை செருமுவார்.

எழுபதுகளில் ஒரு கந்தசஷ்டி. அயன்பெட்டி செருகிச் செருகி விறாந்தைச் சுவரிலிருந்த பிளக் கருகி வெடித்துவிட்டது. என் கணவர் புதிதொன்று வாங்கிவந்தார். கந்தோர் எலெக்ரீசியனிடம் வேலையைக் கேட்டுப் படித்திருந்தார். சிவப்புக் கம்பி மின்சாரத்தைக் கொண்டுவரும், கறுப்பு திருப்பி எடுத்துப் போகும், பச்சை நிலத்துக்குள் இறங்கும். மெயின் சுவிச்சை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகே கை வைக்கவேண்டும் என்றார்.

மெயினை நிறுத்தினால் சுவாமியறைச் சிவப்பு பல்ப் அணைந்துவிடும், விரதம் முடியும்வரை அது அணையக்கூடாது என்றார் அப்பா. அந்த பல்புக்குப் பக்கத்திலேயே எண்ணெய் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. முருகனுக்கு அது போதாதா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணவர் கிணற்றடியிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துவரப் போனார். விரத வீட்டுக்குள் செருப்போ என்று அதையும் அப்பா தடுத்தார். காலையில் கழுவிய சீமெந்து நிலம் இன்னும் காயவில்லை.

"பிளக்கின்ரை சுவிச்சை நிப்பாட்டினால் காணும்" என்றார் அப்பா.

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பயமெண்டால் விடுங்கோ. அப்பா செய்வார்" என்றேன்.

அப்பா சிரித்தார். கணவர் வெறுங்காலுடன் சுவரருகே குந்தி, பிளக்கின் சுவிச்சை நிறுத்தினார். அது கண்டறியாத பிழை வயரிங். அப்பா பக்கத்தில் நின்று செய்வித்தது. சிவப்புக் கம்பியை வெட்டவேண்டிய சுவிச்சைக் கறுப்புக் கம்பியில் பூட்டியிருந்தார்கள். சுவிச்சைத் தட்டினால் அயன்பெட்டி ஆறிவிடும், ஆகவே மின்சாரம் நின்றுவிட்டதென்று இத்தனை வருடமும் நம்பியிருந்தோம். சுவருக்குள் சிவப்பில் அது எப்போதும் இருந்தது.

சிவப்புக் கம்பியைப் பிடித்த அவருடைய வலக்கை அதன்மேல் அப்படியே மூடிக்கொண்டது. சத்தம் வரவில்லை. பல் கிட்டிவிட்டது. மெயின் சுவிச் என் தலைக்கு மேல், எட்டும் உயரத்தில் இருந்தது. கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு சுவாமியறையைப் பார்த்தேன். பல்ப் சிவப்பாக எரிந்தது. ஒரு கணம், கூடிப்போனால் இரண்டு. பிறகுதான் இழுத்தேன்.

உயிர் தப்பினார். பேனை பிடிக்கும் விரல்கள் இரண்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கந்தோரில் அவரைக் கடிதங்களுக்கு முத்திரை குத்தும் வேலைக்கு மாற்றினார்கள். பல்ப் அணைந்த தோஷத்துக்கு அப்பா கோயிலில் அர்ச்சனை செய்தார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சுவரில் தொங்கிய கம்பிகளை நாடா சுற்றி உள்ளே தள்ளி, மேலே ஒரு கலண்டரை மாட்டினோம். கணவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவர் எதையும் காணவில்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

ஆறு வருடத்தின்பின் அப்பா செத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள், அவருடைய படத்துக்கு முன்னால் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருக்க, கணவர் செருப்புக் காலுடன் வீட்டுக்குள் வந்தார். மெயினை நிறுத்தினார். படத்தடி இருண்டது. பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். கலண்டரை இறக்கிவிட்டு, அந்த விரல்களால் முடியாதென்று ஸ்குறூ டிறைவரை என்னிடம் நீட்டினார்.

"நீர் முதல் பல்பைத்தான் பாத்தனீர். நான் கண்டனான்."

நான் சுவரருகே குந்தினேன். எல்லாம் அணைந்திருந்தது, கட்டையும் அவருடைய பையில்தான் இருந்தது. ஆனாலும் சிவப்புக் கம்பிக்குக் கிட்டப் போன கை அதைத் தொடாமல் நின்றுவிட்டது.

"பயமெண்டால் விடும்" என்றார்.