முற்றத்து அடுப்பில் கேக் சுட்ட எங்கள் அண்ணை

எங்கள் அண்ணை அச்சுவேலியில், ஐயாவின் வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தவர். அவருக்குப் படிப்பு ஏறவில்லை, மண்வெட்டி ஏறியது. ஐயா காலமானபின் தகப்பனாய் நின்று என்னைக் கைபிடித்துக் கொடுத்தவர். திருநீறு இல்லாத நெற்றியோடு நான் அவரைக் கண்டதில்லை. இவ்வளவும் எல்லா நினைவு மலரிலும் இருக்கும். மிச்சத்தையும் எழுதத்தான் போகிறேன். இதைக் கையில் வைத்திருக்கும் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

அண்ணையின் மனைவி, எங்கள் மச்சாள், புற்றுநோயில் கண்மூடியது சமையல் காஸும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற காலம். மச்சாள் இருந்தவரை பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேதான் கேக் அடிப்பார். மூத்தவளுக்கு மா, சீனி அளக்கிற வேலை. நடுவில் உள்ள பெடியனுக்கு முட்டையும் மாஜரினும் அடிக்கிற வேலை. சின்னவள் தட்டுக்கு மாஜரின் பூசி, வெந்ததோ என்று ஈர்க்கால் குத்திப் பார்ப்பாள். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது முறை. அயலட்டை சோறு கொண்டுவந்தது. சின்னவள் வாயில் வைக்கவில்லை, அம்மாவின் கேக்தான் வேண்டும் என்றாள். சாவுத் துடக்குக் கழியமுன்னமே அண்ணை முற்றத்தில் கல்லு வைத்து நெருப்பு மூட்டினார். தாச்சிக்குள் மணல், மணலுக்கு மேல் கேக் தட்டு, மூடிக்கு மேல் சிரட்டைத் தணல். மேற்பக்கம் கருகிப்போனது. சின்னவள் கருகலையும் தின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாளின் தமையனார், பிள்ளைகளின் பெரிய மாமா, கொக்குவிலிலிருந்து பெண்சாதியோடு வேனில் வந்து இறங்கினார். பிள்ளைகளை ஆளுக்கொரு வீடாகப் பங்கு போடுவதென்று தங்களுக்குள் முடிவெடுத்து வந்திருந்தார்கள். கேக் மணம் றோட்டு வரைக்கும் வருகிறது என்று பெண்சாதி மூக்கைச் சுழித்தார்.

"என்ரை தங்கச்சி போனதுக்குக் கொண்டாட்டமோ?" என்றார் மாமா. "மூத்தவள் எங்களோடை வரட்டும். பெடியனைச் சித்தி பார்ப்பா. சின்னதைக் கொழும்புக்கு அனுப்புவம். ஆம்பிளை ஒராள் மூண்டையும் என்னெண்டு பார்க்கிறது?"

அண்ணை தணலைத் தள்ளிவிட்டு எழும்பினார். 

"மூத்தவளுக்கு அளவு தெரியும் மச்சான். பெடியனுக்கு அடிக்கத் தெரியும். சின்னவளுக்குப் பதம் தெரியும். மூண்டையும் மூண்டு வீட்டுக்கு அனுப்பினா, இதுகளின்ரை தாயை நான் எங்கை போய்த் தேடுறது?"

"உவனுக்கு விசர்" என்று பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டு மாமா வேனில் ஏறினார். அண்ணைக்குப் பைத்தியம் என்றே ஊர் முழுக்கவும் சொன்னார். கோவிலில்கூட எங்களைக் கண்டு சிலர் விலகி நின்றார்கள். அண்ணை நெருப்பு மூட்டியது பிழையென்றால் அதைக் கீரிமலை நகுலேசப் பெருமான் அவரிடம் கேட்பார். உங்களை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

அதன்பிறகு மழைக்கு வெங்காயம் அழுகினாலும் கேக்தான், பெடியன் பள்ளிக்கூடச் சோதினையில் சறுக்கினாலும் கேக்தான். சீனி வாங்க ஏலாத நேரம் பனங்கட்டி போட்டார்கள். அண்ணைக்கு ஒரு புட்டு ஒழுங்காய் அவிக்கத் தெரியாது. பிள்ளைகள் சொல்லுகிறபடி நெருப்பு மட்டும் பார்ப்பார்.

இந்த மாரியில் வயலுக்குள் இறங்கியவர் எலிக்காய்ச்சலோடு ஏறினார். பிறகு எழும்பவில்லை. ஆசுபத்திரிக்கு எட்டிப் பார்க்காத மாமா, எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முன்வரிசையில் வந்து இருந்தார். பிள்ளைகள் தாங்களே சுட்ட கேக்கைத் தகப்பனின் படையலில் வைக்க, முட்டை போட்டது, எடுங்கள் என்றார். அவர் கொண்டுவந்து வைத்த சாராயப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அண்ணை வாழ்நாளில் தொடாத சாமான். மூத்தவள் போத்தலை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். கேக் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

இனிப் பிள்ளைகளை யார் யார் கொண்டுபோவது என்ற கதை திரும்பவும் தொடங்கியிருப்பதாக அறிகிறேன்.

அண்ணையை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தோட்டத்துக்குத் தண்ணி இறைத்துத் தந்தவர்களுக்கும், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பிள்ளைகளோடு நின்றவர்களுக்கும் கைகூப்புகிறோம். பெரிய மாமா குடும்பத்தையும் இதில் சேர்க்கும்படி சொல்லியனுப்பினார்கள். பிள்ளைகளிடம் கேட்டேன். மூவரும் வேண்டாம் என்றார்கள்.

நானும் இவரும் அண்ணையின் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். மூன்று பிள்ளைகளும் இங்கேதான் வளர்வார்கள். பார்க்க வருகிறவர்கள் வாருங்கள், தேத்தண்ணி தருவோம். பிரிக்க வருகிறவர்கள் வாசல் படலையடியோடு திரும்பிவிடுங்கள்.

தங்கை,
மருமக்கள் மூவருடனும்.