தனித்தட்டுக்கு எத்தனை புள்ளி?

கேள்வி கேட்பதுதான் எங்கள் தொழில். பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இதன் பாடு தெரியும். வாசல் படலையில் நாய் நிற்கும். நாயைத் தாண்டினால் வீட்டுக்காரர் "நிவாரணம் பதியவோ?" என்று கேட்பார். இல்லை என்றதும் முகம் மாறும். நான் திரிந்தது ஒரு பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வுக்காக. தைரொயிட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், மற்றவர்கள் தங்களை ஒதுக்குவதாக எவ்வளவு உணர்கிறார்கள், அவர்களுடைய மனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடக்கம் 'எப்போதும்' வரை ஐந்து கட்டங்கள். புள்ளி கூடினால் பாடும் கூடுதல் என்று அர்த்தம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அப்பா கடற்கரை வாடியில் கருவாடு காயப்போடுகிறவர். கிடைத்த வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு படிவத்தையும் மூன்று தரம் சரிபார்ப்பேன். அப்படியிருந்தும் பிழை விட்டேன்.

கோவையின் முகப்பு

முதல் கிழமை எருக்கலம்பிட்டிக்குப் போனேன். தையல் தைக்கிற ஒரு தாத்தாவின் வீடு. தாத்தா என்றால் அங்கே மூத்த சகோதரி. வீடு பிடிபடவில்லை. கடை வாசலில் நின்ற பெண்களிடம் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தபடி வழி சொன்னார்கள். ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவரே வாசலுக்கு வந்து, என்னைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். கழுத்தில் ஒரு கழலையை வெட்டி எடுத்ததாகத்தான் அவர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்த படிவக் கோவையின் முகப்பில் 'புற்றுநோய் ஆய்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசவில்லை. இருக்கக் கதிரை தந்து, எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். போகும்போது மகளின் பழைய கொப்பி உறை ஒன்றை எடுத்துக் கோவைக்குத் தானே போட்டுத் தந்தார்.

"மகள், ரெண்டு வருசமா நான் மூடி வச்சிருந்ததை நீங்க நெஞ்சில ஒட்டிக்கிட்டு வந்திருக்கிறீங்க."

நல்லது என்று பெயர் எடுத்தது

மன்னார் மீன் சந்தையில் ஏலம் கூறுகிற ஒருவர். சத்திர சிகிச்சைக்குப் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. கூறுகிற வேலையை இன்னொருவருக்கு விட்டுவிட்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். சந்தை கழுவி ஓய்ந்த பிறகு, ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்தினார். எங்களுக்குப் பின்னால் ஒரு கழுதை ஈரக் கடதாசியை மென்றுகொண்டு நின்றது.

"உங்கள் நோயைப் பற்றி மற்றவர்கள் தாழ்வாகப் பேசுகிறார்களா?" என்று வாசித்தேன். அவர் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது. சொந்தக்காரர், சந்தை ஆட்கள், கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள். அதனால் தன் கவலையைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் இல்லை. 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அவர் சொன்னதை ஓரத்தில் எழுதி வைத்தேன். ஓரத்தில் எழுதுவதைக் கணினி எடுக்காது என்று எங்கள் இணைப்பாளர் மிஸ் முன்னமே சொல்லியிருந்தார்.

"தாழ்வா ஒருத்தரும் கதைக்கேல்ல, தங்கச்சி. இருக்கிறதுக்குள்ள நல்ல கான்சராம் எனக்கு வந்தது. அவ்வளவு நல்லதெண்டால் ஆளுக்குக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கோவன்."

எல்லாவற்றுக்கும் 'இல்லை'

வெள்ளாங்குளம் எனக்குத் தூரம். காலையில் பஸ் ஏறி மன்னார்ப் பாலத்தைக் கடந்தால் வெயில் ஏறத்தான் போய்ச் சேரலாம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சாந்தி அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். கணவர் கூலி வேலைக்குப் போகாமல் எனக்காகவே நின்று, பக்கத்தில் இருந்தார். நாலு வயதை எட்டுகிற மகள் கவி, முற்றத்தில் வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் விளையாடினாள். ஒருமுறை எங்களை நோக்கி ஓடி வந்தாள். "அங்கிட்டே நில்லு" என்றார் அக்கா. பிள்ளை மரத்தடியில் அப்படியே நின்றது. அந்நிய ஆள் வந்திருப்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கேட்டதெல்லாவற்றுக்கும் அவர் 'இல்லை' என்றார். இருபது நிமிடத்தில் படிவம் முடிந்தது, எனக்குச் சந்தோசம். தேநீர் வந்தது. அவருடைய தம்ளரின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருந்தது. கூரைக்குக் கீழே கவிழ்த்திருந்த ஒரு தட்டிலும் ஒரு வாளியிலும் அதே பொட்டு. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. "நீங்கள் பாவிக்கும் பாத்திரங்களைத் தொட மற்றவர்கள் தயங்குகிறார்களா?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றுதான் குறித்தேன்.

"இல்லீங்க மிஸ். எனக்குத்தான் எல்லாம் தனியா இருக்கே, யாரும் தொடத் தேவையில்ல."

இரண்டாவது தரம்

அன்று மாலை புள்ளியைக் கூட்டினேன். நான் எடுத்த படிவங்களில் சாந்தி அக்காவுடையதுதான் ஆகக் குறைந்தது. மூன்று தரம் கூட்டினேன். கூட்டலில் பிழை இல்லை. படுத்தால் அந்தச் சிவப்புப் பொட்டு வந்து நின்றது. எங்கள் ஆய்வில், பதில்கள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்க்க, சிலரிடம் இரண்டு கிழமை கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். யாரிடம் என்று நாங்களே தெரிவு செய்யலாம். நான் வெள்ளாங்குளத்தைத் தெரிவு செய்தேன்.

இந்த முறை கணவர் வேலைக்குப் போயிருந்தார். பாத்திரக் கேள்வி வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டு, எப்போதிருந்து தனித்தட்டு என்று கேட்டேன். சத்திர சிகிச்சைக்குப் பிறகு, தூர ஓர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அயடீன் குளிசை கொடுத்திருக்கிறார்கள். உடம்பிலிருந்து கதிர் வரும், தனியாகப் படுக்க வேண்டும், தனித்தட்டில் சாப்பிட வேண்டும், பிள்ளையைத் தூக்கக்கூடாது என்று அரைகுறைத் தமிழில் ஒருவர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு, "நாங்க சொல்ற வரைக்கும்" என்றாராம். அப்போது கவிக்கு ஒரு வயது. பிறகு கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டர். கழுத்தைப் பார்த்தார்கள், குளிசை எழுதினார்கள். தட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாறிப் போகக்கூடாது என்று பொட்டு வைத்தவர் கணவர். அவர் ஒதுக்கவில்லை, சொன்னதைக் கவனமாகச் செய்தார். மூன்று வருடம் அவர்கள் மூன்று பேரும் சொன்ன சொல் கேட்டிருக்கிறார்கள்.

வாழ்ந்து பயனில்லை என்று தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. போன முறை 'இல்லை'. இந்த முறை அவர் மரத்தடியில் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே ஆமென்று தலையை ஆட்டினார். நான் உடனே எழுதவில்லை. பிறகு, "கிளினிக்கில நீங்களே ஒருக்காக் கேட்டிருக்கலாமே அக்கா?" என்றேன். கேட்ட உடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"கேட்டு, இன்னும் நாள் இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது மிஸ்?"

அனுமதியில்லாத பதில்

அந்தத் தனிமை சில நாள் கணக்குத்தான் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். ஆனால் நான் டொக்டர் இல்லை. நான் சொல்லி, அது பிழையாகி, பிள்ளைக்கு ஏதும் ஆனால்? வாய் வரை வந்ததை விழுங்கினேன். கடைசிக் கேள்விக்கு அப்படிப் பதில் வந்தால், அந்த இடத்தை விட்டு நகராமல் இணைப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு வீதிக்கு வந்து மிஸ்ஸுக்கு அழைத்தேன். மனநலப் பிரிவுக்கு அனுப்புவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, தட்டைப் பற்றியும் சொன்னேன். மிஸ் உடனே, "கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பும்" என்றார்.

ஆய்வுக் குழுவின் டொக்டர் திரும்ப அழைத்தார். குளிசை ஒருமுறைதான் எடுத்தாரா, பிறகு எடுக்கவில்லையா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அக்காவிடமே சொன்னார்: "அம்மா, அது சில கிழமைக்குத்தான். உங்களுக்கு எப்பவோ முடிஞ்சுது. பிள்ளையைத் தூக்குங்கோ." அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. "எப்பவோன்னா எப்ப?" என்று கேட்டார். குளிசை எடுத்த மறுமாதமே முடிந்திருக்கும் என்றார் டொக்டர். "அப்ப இத்தன நாளும்?" என்றார் அக்கா.

வீட்டு முற்றத்துக்குத் திரும்பி வந்து, குந்தியிருந்து, இரண்டு கையையும் நீட்டி மகளைக் கூப்பிட்டார். கவி மரத்தடியை விட்டு அசையவில்லை. அக்கா திரும்பவும் கூப்பிட்டார். பிள்ளை கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டது.

"தொடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

பொட்டு வைத்த தட்டு

இரண்டு மாதம் கழித்து, மனநலப் பிரிவுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று பார்த்துவரப் போனேன். போகிறார். கோபம் இன்னும் இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்று அங்கே சொன்னார்களாம். கவி கிட்ட வருவதற்குப் பதினொரு நாள் எடுத்தது என்றார். முதலில் அம்மாவின் சீலைத் தலைப்பைத் தொட்டுவிட்டு ஓடுவாளாம். நான் போன நேரம், அம்மாவின் மடியில் இருந்துகொண்டு சிவப்புப் பொட்டு வைத்த தட்டிலிருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். அந்தத் தட்டை இன்னும் எறியவில்லையா என்று கேட்டேன்.

"எங்கிட்டு எறியிறது மிஸ்? இப்ப இந்தத் தட்டுக்குத்தான் வீட்டுல சண்டை, அவளுக்கு வேற தட்டுல சோறு இறங்காதாம்."

முதல் படிவத்தில் ஆகக் குறைந்த புள்ளியும், உள்ளதைச் சொல்லி நிரப்பிய இரண்டாவதில் ஆகக் கூடிய புள்ளியும் எடுத்தவர் அவர்தான் என்பதால், எங்கள் ஆய்வுக் கணக்கின்படி நான் போய் வந்த பிறகு நிலைமை மோசமான ஒரே ஆள் சாந்தி அக்கா.