பின் சீட்டில் அத்தான்

கார் ஒயரிங் வேலை பார்க்கிறவருக்கு வக்கீல் என்று பட்டப்பெயர் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சந்தில் வரிசையாகப் பட்டறைகள். முதலில் பஞ்சர் கடை, அடுத்து நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர், அதற்கடுத்த தகரக் கொட்டகைதான் நம்மாளுடையது. வண்டி கொண்டுவருகிறவர் சாவியை நீட்டினால் உடனே வாங்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று கேள்வி கேட்க ஆரம்பிப்பார். "எந்த இடத்துல நின்னுது? மேடா, பள்ளமா? லைட் போட்டிருந்தீங்களா? வைப்பர் ஓடிச்சா? பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க?" ஒருமுறை ஒரு மனிதர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்பதை மட்டும் மென்று விழுங்கினார். அவர் மனைவி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு டிங்கர் வைத்த பெயர் அது. ஒட்டிக்கொண்டது.

அவர் அப்படி நோண்டிக் கேட்பதிலும் நியாயம் உண்டு. பழைய வண்டியின் மின்சாரக் கோளாறு இருக்கிறதே, அது வீட்டில் ஆட்டம் போட்டுவிட்டு விருந்தாளியைக் கண்டதும் கையைக் கட்டி நிற்கும் பிள்ளை மாதிரி. நடுரோட்டில் மானத்தை வாங்கும். பட்டறைக்கு வந்தால் ஒரு சாவி திருப்பலில் ஸ்டார்ட் ஆகி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஒயரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. வண்டி பழையதாக ஆக, ஒவ்வொரு மெக்கானிக்கும் கையில் கிடைத்ததை ஒட்டுப்போட்டு வைத்திருப்பான். பச்சையாகக் கிளம்பிய ஒயர் பாதி வழியில் மஞ்சளாகி, கடைசியில் வீட்டு பல்புக்குப் போடும் வெள்ளை ஒயராக முடியும். அதனால் அவருடைய வழி ஒன்றுதான்: கோளாறு வந்தபோது வண்டி எப்படி இருந்ததோ, அச்சு அசல் அப்படியே அதைத் திரும்ப நிறுத்த வேண்டும். மழையில் நின்றதா, குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். குடும்பத்தோடு போகையில் நின்றதா, பஞ்சர் கடைக்காரரையும் டிங்கரையும் பிடித்து உள்ளே உட்கார வைப்பார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்கள்.

வாலிபத்தில் ஒரு பஸ் டிப்போவின் பேட்டரி அறையில் வேலை பார்த்தவர். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சட்டை அவரிடம் அப்போது இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி அந்தச் சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு, "நான் சட்டை துவைக்கிறேனா சல்லடை துவைக்கிறேனா?" என்று கேட்பாளாம். சொந்தமாகக் கொட்டகை போட்ட பிறகு சட்டை ஓட்டைகள் குறைந்தன. ரோஷம் மட்டும் குறையவில்லை. அவரை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சொன்னவர் மறந்தாலும் இவர் மறக்க மாட்டார்.

அப்படிச் சொல்லிவிட்டு மறந்துபோனவர்தான் அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வீட்டுக்கு வந்தவர்களைக் கேலி செய்யாமல் அனுப்ப மாட்டார். சில வருஷங்களுக்கு முன் உறவுக்காரர்கள் எல்லாம் அக்கா வீட்டில் கூடியிருந்தபோது ஃபேன் நின்றுவிட்டது. வக்கீல் வழக்கம்போல, "யாரு கடைசியா சுவிட்ச் போட்டது? போடும்போது சத்தம் ஏதாவது வந்துச்சா?" என்று தொடங்கினார். அத்தான் சத்தமாகச் சிரித்து, "ஃபேனுக்கு ஒண்ணுமில்ல. இவனுக்குத்தான் மேல லூஸ் கனெக்‌ஷன்," என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. வக்கீலின் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். இதில் கொடுமை என்னவென்றால், ஃபேனிலும் லூஸ் கனெக்‌ஷன்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா வீட்டுக்குப் போவது நிற்கவில்லை, அத்தானிடம் பேசுவது மட்டும்தான். இரண்டு பேரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். "அக்கா, அத்தானுக்கு டீ வேணுமான்னு கேளு." "வேணாம்னு உன் தம்பிகிட்ட சொல்லு." நடுவில் நின்ற அக்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு கூடியது, ஆனால் முழங்கால் மடங்க மறுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பயிற்சி எடுத்தே ஆக வேண்டும், இப்போது விட்டால் கால் கட்டையாகவே நின்றுவிடும், அப்புறம் எழுந்து நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். அதற்காகவே அக்கா அந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் கிடந்த பழைய காரைத் துடைத்து எடுத்தாள். பின் சீட்டில் அத்தான் கதவில் முதுகைச் சாய்த்து, மடங்காத காலை நீட்டமாக வைத்துக்கொள்வார். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. முழங்காலும் மெல்ல மெல்ல மடங்கிவந்தது.

அப்புறம் கார் நிற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு விட்டாற்போல அடங்கும். அத்தானைக் கைத்தாங்கலாக இறக்கி, பக்கத்துக் கடையில் ஸ்டூல் வாங்கி உட்கார வைத்துவிட்டு அக்கா சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அவரை மறுபடி ஏற்றிக் கொஞ்ச தூரம் போனால் மறுபடி நிற்கும். கடைக்காரர் இதை வேடிக்கை பார்த்துவிட்டு, "சார் ஏறினாத்தான் நிக்குது," என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த தடவையும் அதே மாதிரி ஆனதும் தெருவில் அதுவே பேச்சாகிவிட்டது. ஊரையே கேலி செய்த மனிதருக்குத் தன்மேல் விழுந்த கேலி தாங்கவில்லை. "நான் ராசி கெட்டவன். நான் ஏறினா எந்த வண்டியும் போகாது," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். வாடகைக் கார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றார். பயிற்சி நின்றது.

அக்கா காரைத் தம்பியிடம் கொண்டுவந்தாள். வக்கீல் அவளை நிற்க வைத்து எல்லாவற்றையும் கேட்டார். ரோடு எப்படி, எந்த கியர், லைட் எரிந்ததா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது. பின் சீட்டில் யார் என்று மட்டும் கேட்கவில்லை. அதுதான் தெரியுமே! தெரிந்த அந்தப் பெயரை வாயால் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. பேட்டரி முனைகளைத் தேய்த்தார். எர்த் ஒயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினார். பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலை மாற்றினார். சுற்றிவிட்டு வந்தார், குதிரை மாதிரி ஓடியது. கொடுத்தனுப்பினார். அக்கா கெஞ்சிக் கூத்தாடி அத்தானை ஒருமுறை ஏற்றினாள். பாதி வழியில் நின்றது.

மறுபடி கொண்டுவந்தாள். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் மின்சார பம்பின் ரிலேயை மாற்றினார், ஃபியூஸ் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்தார். அவர் ஓட்டினால் ஓடுகிறது. அக்கா ஓட்டினால் ஓடுகிறது. "அவர் ஏறினாத்தான்டா நிக்குது," என்றாள் அக்கா. "படிச்சவ மாதிரி பேசு, ராசியாவது மண்ணாவது," என்று சீறினார். அவள் சொன்னதில் இருந்த துப்பு அவர் காதில் ஏறவே இல்லை. வேறு யார் வண்டியாக இருந்திருந்தாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பார்.

வாரங்கள் ஓடின. ஒருநாள் அக்கா கொட்டகை வாசலில் நின்று அழுதேவிட்டாள். "கால் விறைச்சுக்கிட்டே போகுதுடா. உன்னால முடியலன்னா சொல்லிடு. இந்த வண்டிய எவனுக்காவது தள்ளிவிட்டுடறேன்." வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் போன பிறகு வக்கீல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

பக்கத்தில் கதவு தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். "யோவ் வக்கீலே, ஊர்ல இருக்கிற எல்லாரையும் கூண்டுல ஏத்தறியே, உன் அத்தானை ஏத்தினியா?"

"அவர்கிட்ட நான் பேசறதில்ல."

"அவர் பேச வேணாம்யா. உக்காந்தா போதும்."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனுஷன் அவ்வளவு சுலபத்தில் இறங்கிவிடுவாரா? இரண்டு பழைய பேட்டரிகளைத் தூக்கிப் பின் சீட்டின் நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. டிங்கரை ஏற்றிப் பார்த்தார். டிங்கருக்கு ஊதினால் பறக்கிற உடம்பு, கார் அவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இறங்கும்போது டிங்கர், "அத்தானுக்குப் பதிலா இன்னொரு அத்தான் கிடைக்க மாட்டார்யா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் காரோடு அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் கட்டிலில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அத்தானை வண்டில வந்து கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு."

அக்கா டீ டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தாள். "இனிமே நான் யாருக்கும் தபால்காரி இல்ல. வாய் இருக்குல்ல, நீயே சொல்லு." உள்ளே போய்விட்டாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அத்தான்."

பேப்பர் இறங்கவில்லை.

"அத்தான், நீங்க வந்து உக்காந்தாத்தான் எனக்குக் கோளாறு தெரியும்."

"எதுக்கு? என் ராசியத் தெரு பூரா இன்னொரு தடவ பாக்கணுமா?"

"ராசி இல்ல. நீங்க இல்லாம வண்டிய மட்டும் பாத்தேன் பாருங்க, அது என் தப்பு."

பேப்பர் இறங்கியது. அத்தான் இளைத்திருந்தார். சவரம் செய்யாத முகம், அந்தப் பெரிய குரலும் எங்கோ போயிருந்தது. இந்த மனிதரோடா இத்தனை நாள் மல்லுக்கு நின்றோம் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். வாக்கரை எடுத்து அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

வாசலுக்கு வரவே வெகுநேரம் ஆனது. அத்தான் தன் வழக்கப்படி கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். வக்கீல் பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்பை மாட்டி, அந்தச் சின்ன பல்பை அத்தான் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட்டார். எஞ்சின் ஓடியது, பல்பு எரிந்தது.

"கொஞ்சம் அசைஞ்சு குடுங்க அத்தான். பள்ளத்துல விழுந்தா எப்படிக் குலுங்குவீங்களோ அப்படி."

அத்தான் பின்னால் சாய்ந்து ஒரு குலுங்கு குலுங்கினார். பல்பு அணைந்தது. எஞ்சின் இருமி அடங்கியது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அத்தான் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"ஐயோ, எழுந்திரிக்காதீங்க! அப்படியே இருங்க!" வக்கீல் கத்தியதில் அக்கா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். அவர் குனிந்து அத்தானின் இடுப்புக்குக் கீழே சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். மூலையில் சீட்டின் ஸ்பிரிங் இறங்கி, பம்புக்குப் போகிற அந்த ஒயரை அழுத்திக்கொண்டிருந்தது. ஒயரின் மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. பாரம் இல்லாதபோது இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், வண்டி ஓடும். அந்த மூலையில் பாரம் இறங்கினால் பிரியும், வண்டி நிற்கும்.

அவர் அதை விளக்கி முடித்ததும் அத்தான் சீட்டின் அந்த மூலையைத் தட்டிப் பார்த்தார். "அப்ப என்னாலதான் நின்னுது."

"உங்க எடையால அத்தான். ராசியால இல்ல."

"அதுக்கு ராசியே தேவலாம்டா," என்றார் அத்தான். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பழைய சிரிப்பு, தெருமுனை வரைக்கும் கேட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பியை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு, ஸ்பிரிங்குக்கு எட்டாத பக்கமாக ஒதுக்கிக் கட்டினார். வேலையைத் தொடங்கும்போது அக்கா கொண்டுவந்து வைத்த டீ, முடித்தபோதும் சூடாகவே இருந்தது. இத்தனை வாரம் இழுத்தது இவ்வளவு சின்ன வேலையா என்று நினைத்ததும் அந்த டீயைக் குடிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே பயிற்சிக்குப் புறப்பட்டார்கள். வக்கீலே ஓட்டினார். வழியில் இருந்த வேகத்தடை எதிலும் கார் நிற்கவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் அத்தானைப் படுக்கையில் சாய்த்து முழங்காலை மடக்கிப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. அவள் முகம் சுருங்கியது.

"போன தடவ இதைவிட நல்லா மடங்கிச்சே. ஏன் சார் நடுவுல விட்டுட்டீங்க?"

"வண்டி ரிப்பேர்மா," என்றார் அத்தான்.

"ரிப்பேருக்கா இத்தனை நாள்? எந்த மெக்கானிக் சார் அது?"

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. ரொம்பக் கஷ்டமான கோளாறு. வேற எவனா இருந்தாலும் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். "விட்ட நாள் விட்டதுதான். இனிமே முழுசா மடங்கும்னு என்னால சொல்ல முடியாது. பாப்போம்." முழங்காலின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள்.

சுவரோரம் நின்றிருந்த வக்கீலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "இல்லம்மா, அது லேசான கோளாறு. முதல் நாளே முடிஞ்சிருக்கும். நான்தான் இவரை ஒரு வார்த்தை கேக்கல," என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அத்தான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மச்சான். இப்ப கையக் குடு."

வக்கீல் கையைக் கொடுத்தார்.