கேட்காமல் இழுத்த வள்ளம்

ஐம்பதுகளில் எங்கள் பத்திரிகை ஆசிரியர் பாராட்டவும் திட்டவும் 'இனிஷியேட்டிவ்' என்ற சொல்லையே வைத்திருந்தார். யாரும் ஏவாமல் முதலில் இறங்கிச் செய்வது என்று பொருள் தெரியும். கண்ணால் பார்த்தது புதுமடம் கடற்கரையில்.

அங்கே உடையவரைக் கேட்காமல் அடுத்தவர் வள்ளத்தைத் தொடமாட்டார்கள். அன்று மதியம் காற்று திரும்பிக் கடல் ஏறியது. கரையில் கிடந்த ஒரு வள்ளத்தின் சொந்தக்காரர் உச்சிப்புளிக்குப் போயிருந்தார். ஆண்கள் தயங்கினார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி போய்க் கயிற்றைப் பிடித்தாள். பிறகுதான் மற்றவர்களும் சேர்ந்து வள்ளத்தை மேட்டுக்கு இழுத்தார்கள்.

திரும்பி வந்தவர் அவளைப் பார்த்துக் கத்தினார்: "யாரைக் கேட்டு வள்ளத்துல கை வச்ச?"

"கடலு ஒங்களக் கேட்டுட்டா வந்துச்சு, அண்ணே?"

வள்ளம் முன்பு கிடந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்திருவோம். நீயும் பிடி, தாயி" என்றார்.